அந்தோணியாருக்கு ஒரு எம்சி

பாசிர் கூடாங் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்களுக்குத் தரையில் நடப்பதென்றாலே கொஞ்சம் கௌரவக் குறைச்சல். அதிலும் பெர்னார்ட் இருபது வருடமாக மேலேயே இருந்து பழகியவர். கப்பலின் பக்கம் நீண்டிருக்கும் இரும்புக் கையில் ஒரு கண்ணாடி அறை தொங்கும். காலுக்கடியிலும் கண்ணாடிதான். அதில் உட்கார்ந்து குனிந்து பார்த்தால் லாரியெல்லாம் தீப்பெட்டி, சூப்பர்வைசர்கள் எறும்பு. சூப்பர்வைசரை எறும்பாகப் பார்க்கிற உத்தியோகம் உலகத்தில் எத்தனை பேருக்கு வாய்க்கும்? நிமிர்ந்தால் நீரிணைக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர், யாரோ பாதி வரைந்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போன படம் மாதிரி, புகைமூட்டத்தில் நிற்கும். பெர்னார்ட் பெட்டிகளைத் தூக்கிக் கப்பலில் வைப்பார். இடையிடையே படத்தை முடிக்க ஆள் வந்தாயிற்றா என்று ஒரு பார்வை பார்ப்பார்.

அந்த அறையைத்தான் ஒரு பிரஷர் பட்டை பறித்துக்கொண்டது.

வருடாந்திர மெடிக்கல். கம்பெனி அனுப்பும் கிளினிக்கில் இருந்த டாக்டர் ஷர்மினிக்கு பெர்னார்டின் மகளாக இருக்கக்கூடிய வயது. பட்டையைக் கட்டினாள், அவிழ்த்தாள், திரும்பக் கட்டினாள். இயந்திரத்தின் மேல் சந்தேகப்பட்டு வேறு இயந்திரம் கொண்டுவந்தாள். இரண்டு இயந்திரமும் ஒரே கட்சி.

"அங்கிள், இந்தப் பிரஷரோட உங்கள மேல ஏத்த நான் கையெழுத்து போட முடியாது. மூணு மாசம் டைம். மருந்து சாப்பிடுங்க, உப்ப குறைங்க, கொஞ்சம் நடங்க. அப்புறம் பாப்போம்."

"அப்பவும் இப்படியே இருந்தா?"

"ஸ்டோர்தான்."

மூன்று மாதத்துக்கு ஸ்டோர் என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்டது. தேறாவிட்டால் அதுவே நிரந்தரம். கையுறை, தலைக்கவசம், பூட்ஸ் எடுத்துக் கொடுக்கும் வேலை. ஜன்னல் கிடையாது. அங்கே சூப்பர்வைசர்கள் முழு அளவில் வந்தார்கள்.

அடுத்து வந்தது செவ்வாய்க்கிழமை, புனித அந்தோணியாருக்கு உரிய நாள். டிவிக்கு மேலே பலகையில் அவருடைய சுரூபம் நிற்கிறது. காவி அங்கி, ஒரு கையில் லீலி மலர், மறு கையில் குழந்தை இயேசு. காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருவதில் கெட்டிக்காரர். பெர்னார்டின் மனைவி செசிலியா மெழுகுவத்தியை ஏற்றிக்கொண்டிருக்கும்போது பெர்னார்ட் முழங்காலில் நின்று உரக்கச் சொன்னார்:

"அந்தோணியாரே, மெடிக்கல் பாஸாகி நான் மேல ஏறுற வரைக்கும் ஒரு நாள் விடாம ஓடுறேன். மழையோ வெயிலோ. இது என் நேர்ச்சை."

செசிலியா தீக்குச்சியை ஊதி அணைத்தாள். "என்னாங்க, ஒரு நாள் விடாமன்னு எதுக்கு சொன்னீங்க? ஞாயித்துக்கிழமைய கழிச்சிருக்கலாம்ல?"

"சாமிகிட்ட பேரம் பேசுவாங்களா?"

"பாசார்ல கத்திரிக்காய்க்கு மட்டும் பேசுவீங்க. டாக்டர் நடக்கத்தானே சொன்னாங்க?"

"நடக்கிறதெல்லாம் ஒரு நேர்ச்சையா? அத எல்லாரும்தான் நடக்கிறாங்க."

உலகத்தைப் படைத்தவரே ஆறு நாள் உழைத்து ஏழாம் நாள் உட்கார்ந்துவிட்டார். பெர்னார்ட் அவரைவிட ஒரு படி மேலே போவதென்று தீர்மானித்துவிட்டார்.

பக்கத்து வீட்டு மனோகரனுக்கு விஷயம் மறுநாளே தெரிந்துவிட்டது. அவர் பாமாயில் ஆலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். தைப்பூசம் தவறாமல் காவடி எடுப்பவர். வேலை முடிந்து வந்து மோட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தவர், அரைக் கால்சட்டையில் வெளியே வந்த பெர்னார்டைப் பார்த்து வருத்தத்தோடு தலையாட்டினார்.

"பெர்னார்ட் அண்ணே, எங்க முருகன்கிட்ட வேண்டியிருந்தா வருசத்துக்கு ஒரு நாளோட முடிஞ்சிருக்கும். ஆள் மாறி போயிட்டீங்க லா."

முதலில் எல்லாம் அழகாகத்தான் இருந்தது. விடிந்தும் விடியாத நேரம். ஆலைப் பேருந்துகள் தூங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு தாங்களும் பாதித் தூக்கத்தில் போகும். தொலைவில் பெட்ரோலிய ஆலையின் உயரக் குழாயில் எரியும் தீ, சூரியன் வரும்வரை அதன் வேலையைப் பார்த்துக்கொள்கிற தற்காலிக ஆள் மாதிரி வானத்தை ஆரஞ்சாக்கிக்கொண்டிருக்கும். காற்றில் பாமாயிலின் வறுத்த மணம். ஆரம்பத்தில் தெருமுனையில் இருக்கும் மாமாக் தேநீர்க் கடைவரை போய் மூச்சு வாங்கி நின்ற பெர்னார்ட், சில வாரத்தில் கடையைத் தாண்டினார், சிக்னலைத் தாண்டினார், குடியிருக்கும் தாமானையே தாண்டினார். ஒரு கட்டத்தில் கால் அவருடையதாக இல்லை. சாலைதான் கீழே தானாக நகர்ந்தது, கிரேன் அறையிலிருந்து பார்த்தால் கப்பல் நகர்வது போல. மேலே ஏறாமலே மேலே இருந்தார்.

மருந்துக் கடையில் பிரஷர் பார்த்தார். இறங்கியிருந்தது. அடுத்த தடவை இன்னும் இறங்கியிருந்தது.

புத்திசாலியாக இருந்தால் அங்கேயே, அந்த அளவிலேயே வைத்துக்கொண்டிருப்பார். ஆனால் நம்மவர்களுக்குச் சம்பலில் மிளகாய் கொஞ்சம் நன்றாக இருந்தால், கூடக் கொஞ்சம் போட்டால் கூட நன்றாக இருக்கும் என்றுதானே தோன்றும்? பெர்னார்ட் சாயங்காலமும் ஓட ஆரம்பித்தார். மழை பெய்தால் வீட்டுக்குள்ளேயே சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஓடினார். மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும் செசிலியா, அவர் தன் பக்கம் வரும்போதெல்லாம் நாற்காலியோடு உள்ளே தள்ளி வழிவிட்டாள். காய்ச்சல் வந்தது. கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடினார்.

"காய்ச்சல்ல ஓடுனா செத்து போவீங்க."

"நேர்ச்சைய விட்டா மெடிக்கல் போயிடும்."

"செத்தவனுக்கு எதுக்குங்க மெடிக்கல்?"

நியாயமான கேள்வி. ஆனால் அவர் அப்போது நாற்காலியைத் தாண்டிப் போய்விட்டிருந்தார்.

அப்புறம் உலகம் மெல்ல மெல்லத் தள்ளிப் போயிற்று. எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு கண்ணாடி விழுந்துவிட்டது போல இருந்தது. படுத்தால் தூக்கம் வராது, கால் மட்டும் போர்வைக்குள் ஓடும். உட்கார்ந்தால் தூக்கம் வரும், ஆனால் அது தூக்கமில்லை. கருவாட்டுக் கறி காகிதம் மாதிரி இருந்தது. கரண்டி கீழே விழுந்ததற்காகக் கரண்டியோடு சண்டை போட்டார். சளி பிடித்தது, போகவில்லை. வாடகை கேட்காத இடம் என்று கண்டுகொண்ட ஆள் மாதிரி அங்கேயே தங்கிவிட்டது. முன்பு மேகத்தில் போன கால்கள் இப்போது நனைந்த சாக்கு மூட்டை. எவ்வளவு முக்கி ஓடினாலும், குடை பிடித்துக்கொண்டு பாசாருக்குப் போகிற சீனப் பாட்டிமார் அவரைத் தாண்டிப் போனார்கள். ஒரு பாட்டி திரும்பிப் பார்த்துச் சிரித்துக் கைகூடத் தட்டினாள். உற்சாகப்படுத்துகிறாளாம்.

ஸ்டோரில் ஒரு நாள் சபாபதி கையுறை கேட்டு வந்தான். கிரேனுக்குக் கீழே நின்று ரேடியோவில் வழி சொல்கிறவன். பெர்னார்ட் எடுத்துக் கொடுத்துவிட்டு நின்றபடியே எங்கோ போய்விட்டார். அங்கே கடலில் ஒரு படகு, அதில் யாருமில்லை.

"அண்ணே. அண்ணே! ரெண்டும் இடது கை லா. எனக்கு வலது கையே கிடையாதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"ம்? அலமாக். குடு, மாத்தித் தரேன்."

சபாபதி சிரித்துக்கொண்டே சொன்னான்: "நல்ல வேள, இங்க இருக்கீங்க. மேல உக்காந்துகிட்டு இப்படி தூங்குனீங்கன்னா கீழ நான் சட்னி."

சொன்னவன் மறந்துவிட்டுப் போய்விட்டான். கேட்டவர் அன்று முழுக்க அந்த ஒரு சொல்லோடு உட்கார்ந்திருந்தார். இருபது வருடத்தில் அவர் தூக்கிய எந்தப் பெட்டியும் யார் மேலும் விழுந்ததில்லை. இப்போது சட்னி. பயந்துபோய் என்ன செய்தார்? அன்று சாயங்காலம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஓடினார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

மூன்று மாதம் முடிந்தது. செசிலியாவையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். டாக்டர் ஷர்மினி பட்டையைக் கட்டினாள். நாடியைப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை. கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள்.

"இங்க ஓடியா வந்தீங்க அங்கிள்?"

"இல்ல டாக்டர். காடி ஓட்டிக்கிட்டுதான் வந்தேன். ரொம்ப நேரமா வெளிய உக்காந்திருந்தோம்."

"உக்காந்திருக்கிறப்பவே உங்க நெஞ்சு ஓடிக்கிட்டு இருக்கு. குறைஞ்ச பிரஷரும் திரும்ப ஏற ஆரம்பிச்சிருக்கு. தூக்கம் எப்படி?"

"வரும்..."

"வராது டாக்டர்," என்றாள் செசிலியா. "சாப்பாடு இறங்காது. பேசுனா எரிஞ்சு விழுவாரு. காலையில ஓட்டம், சாயங்காலம் ஓட்டம், மழ பெஞ்சா மேசைய சுத்தி ஓட்டம்."

"லீவு நாள் எது?"

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "அங்கிள், ஓடுறப்ப உடம்புக்கு தெம்பு ஏறாது. ஓடிட்டு படுக்கிறீங்கல்ல, அப்பத்தான் ஏறும். நீங்க படுக்கவே இல்லையே. காலையில முழிச்ச உடனே, எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி, நாடிய தொட்டு பாருங்க. வழக்கத்தவிட வேகமா அடிச்சா, நேத்து ஓடப் போன உடம்பு இன்னும் வீட்டுக்கு வந்து சேரலன்னு அர்த்தம். அது வர்றதுக்குள்ள இன்னொன்ன எப்படி அனுப்புவீங்க? ரெண்டு வாரம் ஓடவே கூடாது. நடக்கலாம், மெதுவா. அதுக்கப்புறம் கடைசியா ஒரு டெஸ்ட். அதுலதான் முடிவு."

"முடியாது டாக்டர்."

"ஏன்?"

"நேர்ச்சை. அந்தோணியாருக்கு. ஒரு நாள் விடாமன்னு சொல்லிட்டேன்."

ஷர்மினி சிரிக்கவில்லை. அவள் வீட்டிலும் நேர்த்திக்கடன்கள் உண்டு. தன் வேண்டுதலால்தான் மகள் டாக்டரானாள் என்று அவள் அம்மா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அப்புறம் இழுப்பறையைத் திறந்தாள். இந்த நாட்டில் முதலாளி, சூப்பர்வைசர், தலைமையாசிரியர் என்று எவ்வளவு பெரிய அதிகாரமும் ஒரே ஒரு சீட்டுக்குத்தான் அடங்கும். நோயாளிக்கு ஓய்வு தேவை என்று டாக்டர் எழுதித் தரும் எம்சி. அவள் எழுதினாள், முத்திரை குத்தினாள், நீட்டினாள்.

"ரெண்டு வாரம் ஓட்டத்துக்கு லீவு. யார்கிட்ட குடுக்கணுமோ குடுத்துடுங்க."

வீட்டுக்கு வந்ததும் செசிலியா அதை நாலாக மடித்து அந்தோணியாரின் காலடியில் செருகினாள்.

"ஏத்துக்குவாரா?" என்று கேட்டார் பெர்னார்ட்.

"கம்பெனியே ஏத்துக்குது. இவரு கம்பெனியவிட மோசமா?"

ஆனால் பெர்னார்ட் இருபது வருடம் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். லீவுக்கு எழுதிக் கொடுப்பது வேறு, லீவு கிடைப்பது வேறு என்று தெரிந்தவர். பதில் வரவில்லையே? மறுநாள் விடியற்காலை, செசிலியா எழுவதற்கு முன், சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு வெளியேறிவிட்டார்.

அன்று பனி இறங்கியிருந்தது, அல்லது அவருக்கு அப்படித் தெரிந்தது. தெருவிளக்குகள் எல்லாம் பஞ்சுக்குள் வைத்த மாதிரி இருந்தன. உயரக் குழாயின் தீ ஒரு முறை இடது பக்கம் இருந்தது, ஒரு முறை வலது பக்கம். பெர்னார்ட் ஓடினார் என்று சொல்ல முடியாது. ஓடுவது போல் ஒரு எண்ணம் சாலையில் போய்க்கொண்டிருந்தது. அப்போது பின்னால் செருப்புச் சத்தம். யாரோ மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க ஓடிவந்து பக்கத்தில் சேர்ந்துகொண்டார்கள். காவி அங்கியை முழங்காலுக்கு மேல் வரிந்து கட்டியிருந்தார். மலரைக் காணோம், வழியில் எங்கோ விழுந்திருக்க வேண்டும்.

"பெர்னார்ட், கொஞ்சம் மெதுவா போலாம் லா. கையில புள்ள இருக்கு."

கனவில் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. பெர்னார்டும் படவில்லை. "நீங்க எதுக்கு சாமி ஓடுறீங்க?"

"நீதானய்யா நேர்ச்சை வச்ச? வாங்கிக்கிட்டவன் கூட வந்து பாக்க வேண்டாமா? நீ காலையில ஓடுனா நானும் காலையில, சாயங்காலம் ஓடுனா சாயங்காலம். மேசைய சுத்துனியே, அன்னைக்கு தல சுத்தி விழுந்துட்டேன். ஊர் முழுக்க சாவி காணோம், பாஸ்போர்ட் காணோம்னு கூப்புடுறாங்க. எனக்கு எங்க நேரம்?"

"நான்தான் எம்சி வச்சேனே சாமி."

"பாத்தேன். அதுல உன் பேரு மட்டும்தான் போட்டிருக்கு. எனக்கு எங்க?"

பெர்னார்டுக்கு வெட்கமாகப் போய்விட்டது. திரும்பிப் பார்த்தார். குழந்தை கண்கள் சிவந்து, தலை தோளில் ஆடி ஆடி, தூங்கவும் முடியாமல் விழிக்கவும் முடியாமல் கிடந்தது. குலுக்கலில் எந்தப் பிள்ளைதான் தூங்கும்? அந்த முகத்தை அவருக்குத் தெரியும். சவரம் செய்யும்போது கண்ணாடியில் தினமும் பார்த்த முகம்தான்.

நின்றார். ஓட்டம் முடியாமலே அவர் நின்றது அதுதான் முதல் தடவை.

"உக்காருங்க சாமி," என்றார்.

பஸ் நிறுத்தத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. மூன்று பேருக்கும் இடம் போதுமானதாக இருந்தது. குழந்தை உடனே தூங்கிவிட்டது.

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். வெயில் நன்றாக ஏறியிருந்தது. எதிரே மோட்டோவை நிறுத்திவிட்டு மனோகரன் நின்றார்.

"அண்ணே! இங்க என்ன பண்றீங்க? அண்ணி தெரு தெருவா தேடுறாங்க. பஸ்காரனெல்லாம் ஹார்ன் அடிச்சு பாத்துட்டு போறான்."

"சத்தம் போடாத லா," என்றார் பெர்னார்ட் கண்ணைத் திறக்காமல். "புள்ள தூங்குது."

மனோகரன் பெஞ்சைப் பார்த்தார். பெஞ்சுக்கு அடியிலும் ஒரு பார்வை பார்த்தார். தைப்பூசத்தில் அவரும் எத்தனையோ பார்த்தவர். மெதுவாக எழுப்பி மோட்டோவில் உட்காரவைத்து, தன் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, சைக்கிள் வேகத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

செசிலியா திட்டவில்லை. அதனால் பெர்னார்ட் பயந்தே போனார். அவள் அவருடைய சப்பாத்தைக் கழற்றி அரிசித் தொட்டிக்குள் வைத்து மூடினாள். அவராகத் திறந்து எடுக்கமாட்டார், எடுத்தால் சோறு கிடைக்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

சும்மா இருப்பது ஓடுவதைவிடச் சிரமம் என்று முதல் சில நாளில் தெரிந்தது. கால் துடித்தது. மூன்று மாத உழைப்பும் வியர்வை மாதிரி உலர்ந்து போய்க்கொண்டிருப்பதாகத் தோன்றியது. கதவுவரை போவார், அரிசித் தொட்டியைப் பார்ப்பார், திரும்பி வருவார். அப்புறம் ஒரு நாள் வேலை முடிந்து வந்து நாற்காலியில் சாய்ந்தார். வெளியே மழை கூரைத் தகரத்தில் பேச ஆரம்பித்தது. என்ன பேசுகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தவர் பாதியிலேயே தூங்கிவிட்டார். விழித்தபோது மழை பேசி முடித்துவிட்டு வேறு ஊருக்குப் போயிருந்தது. பசித்தது.

"இந்தக் கறியில என்ன போட்ட? நல்லா இருக்கே."

"மூணு மாசமா அதேதான் போடுறேன்," என்றாள் செசிலியா.

காலையில் எழுமுன் மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்ப்பார். முதலில் உள்ளே யாரோ கதவைத் தட்டிக்கொண்டு ஓடினார்கள். பிறகு நடந்தார்கள். ஒரு விடியலில், கரையில் கட்டிய கப்பலின் எஞ்சின் தனக்குத் தானே முனகிக்கொள்வது போல, நிதானமாக, எங்கும் போகிற எண்ணமே இல்லாமல் அடித்துக்கொண்டிருந்தது. நேற்றுப் போன உடம்பு வீட்டுக்கு வந்துவிட்டது. பெர்னார்ட் கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்து அதோடு இருந்தார்.

கடைசி மெடிக்கல். பெயரைக் கூப்பிட்டபோது பதிலில்லை. காத்திருக்கும் நாற்காலியில் பெர்னார்ட் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பப் போன செசிலியாவைச் சைகையால் தடுத்துவிட்டு, டாக்டர் ஷர்மினியே வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்து நாடியைப் பிடித்தாள். பிறகு எழுப்பி, உள்ளே கூட்டிப்போய், முறைப்படி பட்டையைக் கட்டி, ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தாள். இரண்டு தடவையும் இயந்திரம் நல்லதையே சொன்னது.

"மேல ஏறலாம் அங்கிள்."

பெர்னார்ட் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். "அப்ப இனிமே ஓட வேண்டாமா?" என்று கேட்டார்.

"யாரு சொன்னா? உங்கள தேத்துனதும் கெடுத்ததும் ஒரே ஓட்டந்தான். வாரத்துல சில நாள் ஓடுங்க, சில நாள் ஓடாதீங்க. ஓடாத நாளும் மருந்துன்னு நெனச்சுக்குங்க. ஓடுறப்ப கூட வர்றவங்களோட பேசிக்கிட்டே போற மாதிரி இருக்கணும்."

"ஆனா எப்ப அதிகமாவுதுன்னு எனக்கு எப்படி டாக்டர் தெரியும்? தெரியாமதானே போச்சு."

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் செசிலியா சொன்னாள்: "என் கறி ருசிக்கலன்னா அதிகம். அவ்வளவுதான்."

டாக்டர் ஷர்மினி கையெழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை காலை ஷிப்ட். லிஃப்டில் ஏறி, இரும்பு நடைபாதையில் ஒரு கையால் கம்பியைத் தொட்டுக்கொண்டே நடந்து, கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்தார். நீரிணை வெள்ளித் தட்டு மாதிரி கிடந்தது. ஒரு கப்பல் கட்டப்பட்டுக் காத்திருந்தது. ரேடியோ கரகரத்தது. கீழிருந்து சபாபதி.

"அண்ணே, மேலயா?"

"மேல."

"நல்லா தூங்குனீங்களா?"

"தூங்குனேன் லா."

"அப்ப நான் நம்பி கீழ நிக்கலாமா?"

பெர்னார்ட் குனிந்து பார்த்தார். காலுக்குக் கீழே, கண்ணாடிக்கு அப்பால், மஞ்சள் தலைக்கவசம் ஒன்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. எறும்பளவுதான். ஆனால் அதன் கையாட்டல்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

"நில்லு," என்றார்.

முதல் பெட்டி, ஓர் அவசரமும் இல்லாமல், தரையை விட்டு எழுந்தது.